ஆடியில் திறந்த ஜன்னல்

வெள்ளியங்கிரிக்கு ஒரு சாமான் பிடித்துப்போய்விட்டால் ஒன்றோடு நிறுத்தமாட்டார். ஒருதரம் தறிக்குடோனுக்கு டியூப்லைட் மாட்டினார். வெளிச்சம் பிடித்துப்போனது. மாட்டுக் கொட்டகை, மோட்டார் ரூம், கக்கூஸ், வாசல் வேப்பமரம் என்று வரிசையாக மாட்டித் தள்ளிவிட்டார். கருமத்தம்பட்டியில் அவர் வீட்டுக்கு வழி கேட்டால் இன்றைக்கும் டியூப்லைட்டுக்காரர் வீடா என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அந்த மனுஷனுக்குத் தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஆனி மாதத்தில் பிடித்துப்போனது பாப்அப்.

அவருடைய தறியில் நெய்த வெளுக்காத காடாத் துணியை வெளிநாட்டுக்காரன் நேரடியாக வாங்கவேண்டும் என்றால் கம்பெனிக்கு ஒரு வெப்சைட் இருந்தாக வேண்டும் என்று திருப்பூர்க்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். மகள் சண்முகப்பிரியா கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு வீட்டில்தான் இருந்தாள். காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் வாங்கிய கடையிலேயே வெப்சைட் கட்டுகிற சாஃப்ட்வேரையும் ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தார்கள். அதைத் திறந்தால் திரையின் இடது ஓரத்தில் இரண்டு பட்டியல். மேலே பக்கங்கள், கீழே பாப்அப்கள். மேல் பட்டியலில் எந்தப் பக்கம் முதலில் நிற்கிறதோ அதுதான் வருகிறவர் கண்ணில் முதலில் படும். கீழே இருக்கிற பாப்அப்பை ஏதாவது ஒரு பக்கத்தோடு சேர்த்துவிட்டால், அந்தப் பக்கம் திறக்கிறபோது அது ஒரு சின்ன ஜன்னலாக முன்னால் குதித்து நிற்கும். எந்தப் பக்கத்தோடும் சேர்க்காவிட்டால் பட்டியலில் சும்மா கிடக்கும்.

பக்கங்களின் வரிசையை வைத்து அப்பனுக்கும் மகளுக்கும் தினம் ஒரு தகராறு. குலசாமி படம்தான் முதல் பக்கம் என்றார் அவர். ஜெர்மனிக்காரன் வருவது துணி பார்க்க, சாமி கும்பிட இல்லை என்றாள் இவள். அப்படியானால் என்னுடைய போட்டோ இருக்கட்டும் என்றார். ஒரு வாரம் பேசி, தறிகள் ஓடுகிற படத்தை முதலில் வைப்பது என்று முடிவானது. பாப்அப் விஷயத்தில் மட்டும் அவரை அசைக்க முடியவில்லை.

"கல்யாண மண்டபத்து வாசல்ல நின்னு பன்னீர் தெளிச்சுச் சந்தனம் குடுக்கறோமில்ல, அதுதான் கண்ணு இது," என்றார். "வர்றவன் உள்ள வந்ததும் நாம எந்திரிச்சு முன்னால போயி நிக்கோணும். அதுதான் மருவாதி."

தீபாவளி வாழ்த்துக்கு ஒன்று, ஆயுதபூஜை விடுமுறைக்கு ஒன்று, புதிய தறி வந்ததற்கு ஒன்று என்று அவர் சொல்லச் சொல்லப் பிரியா செய்துகொண்டே போனாள். எல்லாவற்றையும் மாட்டினால் வருகிற ஆள் தலைதெறிக்க ஓடிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் செய்து முடித்ததும் அவற்றை எந்தப் பக்கத்தோடும் சேர்க்காமல் கீழ்ப் பட்டியலில் தூங்கப் போட்டுவிடுவாள். செய்தாயிற்றா என்று கேட்பார். செய்தாயிற்று என்பாள். அது பொய்யும் இல்லை.

அந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் அவள் ஆசைப்பட்டுச் செய்தாள். அது அவளுடைய கல்யாண அறிவிப்பு.

பெருந்துறைப் பக்கம் நூல் மில் வைத்திருக்கிற குடும்பம். பையன் பெயர் கிருபாசங்கர். இரண்டு முறை வந்து பார்த்தான். இரண்டாவது முறை அவளிடம் தனியாகப் பேசினான். அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனி முடிவதற்குள் நாள் குறித்து மண்டபமும் பேசிவிட்டார்கள். செய்யவேண்டியதில் ஒன்று மட்டும் பாக்கி. அது சின்னதும் இல்லை.

பிரியாவின் தாய் சுப்பாத்தாளுக்கு ஒரே அண்ணன், கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற தம்பிதுரை. அவருடைய மகன் மனோஜ்குமார் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். முறைப்படி பிரியாவுக்கு அவன்தான் மாப்பிள்ளை. வெளியில் பெண் கொடுப்பதாக இருந்தால் முதலில் தாய்மாமன் வீட்டுக்குப் போய், கொடுக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். அவர் சரி என்ற பிறகுதான் மற்றதெல்லாம். பிரியாவுக்கு மனோஜ் மேல் அப்படி ஒரு நினைப்பும் கிடையாது. அவன் ஓணான் அடித்த காலத்திலிருந்து பார்த்தவள் அவள். ஆனால் மாமன் என்ன நினைத்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் என் பையனுக்கே கொடு என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து, வெள்ளியங்கிரி இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் கல்யாணப் பேச்சு எடுக்கக்கூடாது, ஆவணி ஒன்றாம் தேதி முதல் வெற்றிலைத் தட்டு மச்சான் வீட்டுக்குத்தான் என்றார். சுப்பாத்தாளும் சரி என்றுவிட்டாள். அவளுக்கும் அதே பயம்தான்.

அறிவிப்பு ஜன்னல் எப்படித் திறக்கிறது என்று பார்க்கிற ஆசையில், பிரியா தறிப் படம் போட்ட முகப்புப் பக்கத்தை அப்படியே நகல் எடுத்து, அந்த நகலோடு அதைச் சேர்த்துவைத்துப் பார்த்தாள். ரோஜா நிறத்தில் இரண்டு பெயரும் நாளும் மண்டபமும் குதித்து வந்து நின்றன. நான்கைந்து முறை மூடித் திறந்து பார்த்தாள். அந்த நகல் 'முகப்பு 2' என்ற பெயரோடு பட்டியலின் அடியில் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெப்சைட்டை வெளியிட்டார்கள். முதல் நாளே மனோஜுக்கு மெயில் போட்டு, பார்த்துவிட்டுக் குறை சொல்லுங்க மச்சான் என்று கேட்டிருந்தாள். அமெரிக்காக்காரன் ஒருவன் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அப்பாவின் வாயை அடைக்கலாம். வெளியிடுகிற நேரத்தில் வெள்ளியங்கிரி பின்னால் நின்றுகொண்டு, தறிப் படத்தை மேலே வை, மேலே வை என்று காதருகே நச்சரித்தார். இருங்க, இருங்க என்றபடியே அவள் தறிப் படம் இருந்த பக்கத்தை இழுத்து உச்சியில் வைத்தாள். இரண்டு பக்கத்திலும் அதே படம்தான். இழுத்தது எதை என்று அவள் பார்க்கவில்லை. எல்லாம் மேலே ஏறி முடிந்த மறு நிமிஷம் கரண்ட் போனது. காற்றில் எங்கோ லைன் அறுந்திருந்தது.

மறுநாள் காலையில் ஃபோன் அடித்தபோது சுப்பாத்தாள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கையைச் சேலையில் துடைத்தபடி வந்து எடுத்தாள்.

"சௌக்கியமுங்களா?" என்றது தம்பிதுரையின் குரல்.

அந்தச் சீமையில் பஸ் கண்டக்டர் முதல் பால்குடிக்கிற பிள்ளை வரை எல்லோருக்கும் 'ங்க' போடுவார்கள். ஆனால் தம்பிதுரை தன் தங்கையிடம் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. பிறந்த நாளிலிருந்து வா, போ, இந்தா அம்மணிதான். 

"புள்ளைக்குக் கல்யாணமுங்களாமா. பையன் அமெரிக்காவுல இருந்து சொன்னானுங்க. சந்தோசமுங்க," என்று சொல்லிவிட்டு அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

சுப்பாத்தாள் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அடுப்பில் தோசை கருகியது. பிரியா ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள். கரண்ட் வந்திருந்தது. பக்கங்களின் பட்டியலைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. உச்சியில் 'முகப்பு 2'. அதை அழித்தாள். ஜன்னலையும் கீழ்ப் பட்டியலிலிருந்து அழித்தாள். ஆனால் இங்கே அழித்தது இங்கே மட்டும்தான். வெளியில் போனது வெளியில் நின்றுகொண்டிருந்தது. அதை எடுக்கவேண்டுமானால் ஃபோன் ஒயரைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டி, டயல் செய்து, மறுபடி எல்லாவற்றையும் வெளியிட வேண்டும். அதுவரைக்கும் இந்த வீட்டுக்கு யார் கூப்பிட்டாலும் எங்கேஜ் சத்தம்தான் கேட்கும்.

சுப்பாத்தாள் ஃபோனுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஒயரைத் தொடாதே," என்றாள். "அண்ணன் மறுக்காக் கூப்பிடுவான். கோவத்துல வெச்சுப்போட்டான். மனசு கேக்காது, கூப்பிடுவான்."

எடுக்காவிட்டால் பார்க்கிறவர்களுக்கெல்லாம் அது திறந்துகொண்டே இருக்கும் என்று பிரியா கெஞ்சினாள்.

"தொறக்கட்டும். பார்க்கக் கூடாதவன் பார்த்துப்போட்டான். இனி எவன் பார்த்தா என்ன?"

அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளியங்கிரி தறிக்குடோனுக்கும் வாசலுக்குமாக நடந்தார். பாவு நூல் அறுந்து ஒரு தறி நின்றுபோனதைச் சொல்ல வந்த ஆளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார். எல்லாம் உங்களால்தான், ஆனியிலேயே கேட்டிருக்கலாம் என்று பிரியா சொன்னாள். கல்யாணத்தை ஊருக்கெல்லாம் திறந்துவிடச் சொன்னேனா என்று அவர் கேட்டார்.  பிரியா கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்வாள், சுத்தமாகிவிட்ட பட்டியலைப் பார்ப்பாள், மறுபடி எழுந்து வந்து அம்மாவைப் பார்ப்பாள். சுப்பாத்தாள் ஃபோனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஃபோன் அடிக்கவும் இல்லை.

மத்தியானம் மேய்ச்சலில் கட்டியிருந்த எருமை முளையைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்துக் காட்டுச் சோளப் பயிரில் இறங்கிவிட்டது. சத்தம் கேட்டுச் சுப்பாத்தாள் ஓடினாள். அந்த இடைவெளியில் பிரியா ஒயரைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். மோடம் கீச்சிட்டுக் கத்தி, அந்தப் பக்கம் எடுக்காமல் விழுந்தது. மறுபடி போட்டாள். மறுபடி விழுந்தது. அடுத்த தரம் பிடித்துக்கொண்டது. நீலப் பட்டை மெல்ல நகர்ந்தது. நின்றது. நகர்ந்தது. எருமையைப் பிடித்துக் கட்டிவிட்டு சுப்பாத்தாள் உள்ளே நுழைகிற நேரத்தில்தான் முடிந்தது. பிரியா ஒயரைத் திரும்ப ஃபோனில் மாட்டிய உடனேயே மணி அடித்தது.

அவளே எடுத்தாள். பேசியது அத்தை, தம்பிதுரையின் மனைவி. மாமா இப்போதுதான் நான்கு தடவை கூப்பிட்டார், நான்கு தடவையும் எங்கேஜ் என்றாள். ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டார்கள், நம்மோடு பேச இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டாராம். அவருக்குத் தெரியாமல் கூப்பிடுகிறேன், நேரில் வந்துவிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிரியா சொன்னதைக் கேட்டுச் சுப்பாத்தாள் மகளை அடிக்கக்கூட இல்லை. உள்ளே போய் முகம் கழுவிச் சேலை மாற்றி, பெரிய வெள்ளித் தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் எல்லாம் எடுத்துவைத்தாள். ஆடியில் தட்டு எடுக்கலாமா என்று வெள்ளியங்கிரி தயங்கினார்.

"பொறந்த ஊட்டு ஒறவே போகுது. ஆடியென்ன, ஆவணியென்ன?" என்றாள் சுப்பாத்தாள்.

வேனில் போகும்போது வெள்ளியங்கிரி ஒரு யோசனை சொன்னார். அவருக்கு யோசனை வந்தால் குரல் தாழ்ந்துவிடும். கம்ப்யூட்டரில் மாதிரிக்கு ஒரு பெயரும் நாளும் போட்டுப் பார்ப்பது வழக்கம், அது தெரியாமல் வெளியே போய்விட்டது, கல்யாணம் இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லிவிடலாம். ஆவணியில் போய் முறைப்படி கேட்டுக்கொள்ளலாம். மச்சானுக்குக் கம்ப்யூட்டர் என்ன தெரியும்? சுப்பாத்தாள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள்.  உக்கடம் தாண்டியதும் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று வேனை இழுத்து இழுத்து அடித்தது. அப்பா சொல்வதுபோலவே முடிந்துவிட்டால் நன்றாக இருக்குமே என்றுதான் பிரியாவும் நினைத்தாள்.

தம்பிதுரை வீட்டு வாசலில் தேங்காய் மட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் உரித்த காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். வேனைப் பார்த்ததும் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வாங்க மாப்ள. வாங்க. உக்காருங்க," என்றார். தங்கையைப் பார்த்தும் அதே வாங்கதான். இளநீர் வெட்டச் சொன்னார். மழை எப்படி, நூல் விலை எப்படி என்று விசாரித்தார். ஒரு குறை கிடையாது. புதிதாகச் சம்பந்தம் பேச வந்தவர்களை உபசரிப்பதுபோல அத்தனை மரியாதை. சுப்பாத்தாள் இளநீரைக் கையில் வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தாள்.

வெள்ளியங்கிரி தொண்டையைச் செருமிக்கொண்டு யோசித்து வைத்திருந்ததை எடுத்துவிட்டார்.

"மச்சான், அது மாதிரிக்கு வெச்சதுங்க. கம்ப்யூட்டர்ல அப்படித்தானுங்க, ஒரு பேரைப் போட்டுப் பார்க்கறது. புள்ள கை தவறி வெளிய போயிருச்சுங்க. இன்னும் ஒண்ணும் முடிவாகலீங்க."

 தம்பிதுரையின் முகம் மெல்ல மாறியது. நெற்றிச் சுருக்கம் விட்டது. பிரியாவைப் பார்த்துச் சிரித்தார்.

"நெசமாலுமுங்களா? பேரு, நாளு, மண்டபம் எல்லாம் பையன் படிச்சுச் சொன்னதும் எனக்குக் கையுங் காலும் ஓடலைங்க மாப்ள. இப்பத்தான் உசுரு வந்துச்சு. மனோஜு கார்த்திகையில வாரானுங்க. நானும் ஆடி கழியட்டும்னுதான் இருந்தேன். ஆவணி பொறந்ததும் தட்டோட வந்து புள்ளையக் கேக்கலாம்னு இருந்தனுங்க."

 வெள்ளியங்கிரி பயந்தது இதற்குத்தான். இதிலிருந்து தப்பிக்கச் சொன்ன பொய்யே நேராக இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டது. தம்பிதுரை உள்ளே பார்த்து, காதில் விழுந்ததா என்று மனைவியைக் கேட்டார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைப் பிரியாவால் தாங்கமுடியவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் அவர் நாளே குறித்துவிடுவார்.

"மாமா," என்றாள். "அது மாதிரி இல்லீங்க. நெசந்தானுங்க. அப்பா பயத்துல சொல்றாருங்க. அதைச் செஞ்சது நானுங்க. வெளிய உட்டதும் நாந்தானுங்க. எனக்கும் அங்க இஷ்டமுங்க மாமா."

மட்டை உரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். தம்பிதுரை அவர்கள் பக்கம் திரும்பி, வேலையைப் பாருங்கப்பா என்றார். எழுந்து தேங்காய்க் குவியல்வரைக்கும் போனார். ஒரு காயை எடுத்தார். ஆட்டிப் பார்த்தார். வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"மனோஜு சந்தோசமாத்தான் சொன்னான் கண்ணு. அவனுக்கு ஒண்ணுமில்ல. ஆசை எனக்குத்தான்," என்றார். பிறகு வெள்ளியங்கிரியிடம் சொன்னார்: "வந்து கேட்டிருந்தா நான் குடுக்கக்கூடாதுன்னு சொல்லியிருப்பனுங்களா? ரெண்டு நாளு வருத்தமா இருந்திருக்கும். அப்புறம் சரின்னுதானுங்க சொல்லியிருப்பேன். என்ற தங்கச்சி ஊட்டு நல்லதைக் கடல் தாண்டிக் கேக்கற நெலமைக்குக் கொண்டுவந்து போட்டீங்களே."

வெள்ளியங்கிரி தலை குனிந்தபடி தட்டை எடுத்து நீட்டினார்.

"ஆடியில தட்டு வாங்கறதில்லீங்க மாப்ள. கொண்டுபோயி வண்டியில வைங்க."

அதைவிட மரியாதையாக ஒருவரை வெளியே அனுப்ப முடியாது. வெள்ளியங்கிரி எழுந்தார். பிரியாவும் எழுந்தாள். சுப்பாத்தாள் புருஷன் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் வேனை நோக்கி நடந்தாள். தட்டை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். ஏறி உட்கார்ந்துவிடுவாள் என்றுதான் பிரியா நினைத்தாள். சுப்பாத்தாள் ஏறவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பி வந்து அண்ணன் முன்னால் நின்றாள்.

"அண்ணா," என்றாள். "புள்ளைய வெளியில கேக்கறாங்க. உன்ற பையன் இருக்கறான். உன்னைக் கேக்காம அவங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம வந்திருக்கறேன். நீ என்ன சொல்றே?"

வெள்ளியங்கிரி வாயைத் திறந்தார். பிரியா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். முதலில் அம்மா ஒப்புக்குக் கேட்கிறாள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. அம்மா நிஜமாகவே கேட்கிறாள். மாமா வேண்டாம் என்றால் அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு பெருந்துறைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரக்கூடியவள்தான் அவள். 

தம்பிதுரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். 

"எந்த ஊரு அம்மணி?"

"பெருந்துறைப் பக்கம்ண்ணா."

"பையன் பேரு?"

"கிருபாசங்கரு."

"என்ன பண்றாங்க?"

"நூல் மில்லு வெச்சிருக்கறாங்க. பையனும் அப்பனுமாப் பார்த்துக்கறாங்க. தண்ணி, சீட்டு ஒண்ணும் கெடையாது. விசாரிச்சுப்போட்டோம்."

ஒன்றுமே தெரியாத ஆள்போல ஒவ்வொன்றாகக் கேட்டார். முதல்தரம் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். எத்தனை பேர் கூடப் பிறந்தவர்கள், தாய்க்காரி எந்த ஊர், தோட்டம் துரவு உண்டா என்று எதையும் அவர் விடவில்லை.

"புள்ள என்ன சொல்லுது?" என்று கடைசியில் கேட்டார்.

"சரிங்குது."

"அப்பக் குடு."

 சுப்பாத்தாள் அப்போதும் உட்காரவில்லை. கேட்கவேண்டியது இன்னும் ஒன்று இருந்தது.

"நாளு நீதான் சொல்லோணும்ண்ணா."

வெள்ளியங்கிரிக்கு வியர்த்துவிட்டது. மண்டபம் பேசியாயிற்று, சமையல்காரன் பேசியாயிற்று. தம்பிதுரை எழுந்து சுவரில் மாட்டியிருந்த தமிழ் மாதக் காலண்டர் முன்னால் போய் நின்றார். ஆடித் தாளை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆவணியில் விரலை ஓட்டினார். மெதுவாக ஓட்டினார். ஒரு கட்டத்தில் விரல் நின்றது.

"கடைசி ஞாயித்துக்கிழமை வெச்சுக்குங்க," என்றார். "வளர்பிறை. நல்ல முகூர்த்தமா இருக்குது."

மகன் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து படித்துச் சொன்ன அதே நாள். அது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். வெள்ளியங்கிரி அந்த நாளை முதல் தடவையாகக் கேள்விப்படுகிறவர்போலத் தலையை ஆட்டினார்.

"சரிண்ணா. நீ சொல்ற நாள்லயே வெச்சுக்கறோம்," என்றாள் சுப்பாத்தாள். சொல்லிவிட்டு, அண்ணன் வீட்டு வாசலில் அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.